பொன்னியும் பொன்னியம்மாளும்

போன மாதம் ஒரு போன் வந்தது. நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ரத்த வங்கியில் இப்போது பொறுப்பில் இருப்பவர் பேசினார். என் கடைசி வருடங்களில் என்னிடம் வேலை கற்றவர்தான், மரியாதை தெரிந்தவர்.

"மேடம், புதுக் கட்டடம் திறக்கறோம். சுத்துப்பட்டு ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் இனிமே இங்கேருந்துதான் ரத்தம். நீங்க வந்து அந்தக் காலத்தப் பத்தி நாலு நல்ல வார்த்தை பேசணும்."

சரி என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவரே பெருமையாக ஒன்று சொன்னார். "இப்பல்லாம் லேபிள்ல ஒரு எழுத்து மாறினாக்கூட கம்ப்யூட்டரே ரிஜெக்ட் பண்ணிடுது மேடம். நாம கண்ணால பாக்கவே வேணாம்."

"வரலப்பா" என்று வைத்துவிட்டேன். முட்டிவலி என்று நினைத்திருப்பார். முட்டிவலி இல்லை, கோபம். ஒரு எழுத்து மாறியதால் நான் என் கையால் திருப்பி அனுப்பிய ரத்த சாம்பிள் குழாய் ஒன்று உண்டு. அதைப் பற்றி மேடையில் பேசினால் நாலு நல்ல வார்த்தையாக இருக்காது. அதனால் எழுதுகிறேன்.

நான் கணியம்பாடிப் பக்கத்துக்காரி. வீட்டில் கடலை போடுவார்கள். பள்ளி முடித்து, ஒரு வருடம் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்து, எழுபதுகளின் நடுவில் ஜவ்வாது மலை அடிவாரத்து டவுன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஊர் பெயர் வேண்டாம். அந்தப் படிப்பில் கற்றது கொஞ்சம். வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ரத்த வங்கிக்குப் பொறுப்பாக இருந்த டாக்டர் தணிகாசலம்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியால் துடைப்பார். துடைக்கிற வேகத்தை வைத்து எவ்வளவு கோபம் என்று நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்வோம். பச்சை மையில்தான் எழுதுவார். "அவசரம் சார்" என்று யாராவது ஓடிவந்தால், நாற்காலியைக் காட்டி முதலில் உட்காரச் சொல்வார். "அவசரப்படறவன் கையிலதான் தப்பு உக்காந்திருக்கும், சரோஜா" என்பார் என்னிடம்.

அந்தப் பயம் அவருக்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. நான் சேர்ந்த முதல் வருடம் ஆண்கள் வார்டில் இரண்டு முனுசாமிகள் இருந்தார்கள். ஒருவருக்குக் குடல் ஆபரேஷன், இன்னொருவருக்குக் கால் முறிவு. கால் முறிந்தவருக்கு ஏற்ற வேண்டிய ரத்தத்தை மற்றவருக்கு ஏற்றிவிட்டார்கள். பாட்டிலில் கால்வாசி இறங்குவதற்குள் அந்த மனிதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார், உடம்பு தூக்கிப் போட்டது. மூன்றாம் நாள் இறந்துபோனார். டாக்டர் தணிகாசலம் மூன்று நாளும் அந்தக் கட்டிலைவிட்டு நகரவில்லை.

அதற்குப் பிறகு வந்த முறைதான் நான் ஓய்வுபெறும்வரை கைவிடாமல் செய்த முறை. நோயாளியின் ரத்தம் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் வரும். குழாயின் மேல் ஒட்டிய பிளாஸ்திரியில் பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வார்டு. கூடவே டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு. ஒருவர் குழாயைப் படிக்க வேண்டும், இன்னொருவர் சீட்டைப் படிக்க வேண்டும். வாய்க்குள் படித்தால் ஆகாது, சத்தம் வெளியே வர வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் குழாயைத் திறக்கலாம். ஒரு எழுத்து மாறினாலும் அந்தக் குழாய் குப்பைக்கு. வேறு ரத்தம் எடுத்து, சரியாக எழுதி அனுப்பச் சொல்ல வேண்டும். பெயர் சரியான பிறகு வெள்ளைப் பீங்கான் ஓட்டில் மருந்தோடு கலந்து குரூப் பார்ப்போம். பிறகு நோயாளியின் சீரத்தையும் (ரத்தம் உறைந்ததும் மேலே தெளிகிற நீர்) பாட்டில் ரத்தத்தையும் கலந்து உடம்புச் சூட்டுத் தண்ணீரில் வைத்து, சுழற்றி, மைக்ராஸ்கோப்பில் வைப்போம். அணுக்கள் மணல்போலத் தனித்தனியாகக் கிடந்தால் பொருத்தம். கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டால் அந்த பாட்டில் அந்த ஆளுக்கு விஷம்.

இந்த முறையைப் பற்றி நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். அது எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

எழுபதுகள் முடிகிற நேரத்தில் ஒரு திட்டம் வந்தது. அதுவரை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் பாட்டுக்கு ரத்தம் எடுத்து ஏற்றிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் காசுக்கு ரத்தம் விற்பவர்கள் இருந்தார்கள். வாரத்துக்கு இரண்டு இடத்தில் கையை நீட்டுவார்கள். சோதனை சரியாக இல்லை, மஞ்சள்காமாலை வந்து செத்தவர்கள் உண்டு. இனிமேல் சுற்று வட்டாரத்து ஆஸ்பத்திரிகள் எல்லாம் சேர்ந்து ஒரே ரத்த வங்கி. எடுப்பது, சோதிப்பது, பெரிய ஃபிரிட்ஜில் வைப்பது எல்லாம் எங்களிடம். வேண்டியவர்கள் குழாயும் சீட்டும் அனுப்பினால் ஐஸ் பெட்டியில் பாட்டில் போகும். பாட்டில் கொண்டுபோக ஒரு ஜீப்பும் கொடுத்தார்கள். நல்ல திட்டம். நான் முழு மனதோடு நம்பினேன்.

அந்தப் பட்டியலில் ஜவ்வாது மலைமேல் இருந்த சின்ன ஆஸ்பத்திரியும் சேர்ந்தது. பத்துப் பன்னிரண்டு கட்டில், ஒரே டாக்டர். டாக்டர் லில்லி என்று பெயர், என் வயதுதான் இருக்கும். அதுவரை அவர் அவசரத்துக்குச் சொந்தக்காரர்களிடமே ரத்தம் எடுத்து, தானே குரூப் பார்த்து ஏற்றிக்கொண்டிருந்தார். திட்டம் வந்ததும் அது கூடாது என்று உத்தரவு. அவருடைய காலி பாட்டில்கள், ஊசிகள், குரூப் பார்க்கிற மருந்து எல்லாவற்றையும் வாங்கிவர நான்தான் போனேன்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். "சரோஜா, நீங்க சொல்றது சரிதான். நான் செய்யறது ஆபத்துதான். ஆனா என் அவசரத்துக்கு உங்க பாட்டில் வந்து சேருமா?"

"வரும் டாக்டர். ஜீப் இருக்கு" என்றேன்.

அந்த வாக்குறுதியை அடுத்த சில மாதத்தில் ஊருக்கே கொடுத்தேன். மலைக்காரர்கள் ரத்தம் கொடுக்க மாட்டார்கள், பயந்து ஓடுவார்கள் என்று கீழே ஒரு பேச்சு இருந்தது. அதைப் பொய்யாக்க வேண்டும் என்று எனக்கு வீம்பு. மலைமேல் காவலூருக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டோம். ஜனங்கள் வந்தார்கள், சுவரோரமாக நின்றார்கள். யாரும் கட்டிலில் படுக்கவில்லை. முப்பது வயது இருக்கும் ஒருவர், காளி என்று பெயர், சாமை விதைக்கிறவர், முன்னால் வந்து கேட்டார்.

"இன்னாம்மா, ரத்தம் எட்த்துட்டா நாளிக்கி ஏர் புடிக்க முடியுமா?"

"முடியும்ங்க. இன்னிக்கு மட்டும் பாரம் தூக்காதீங்க."

"எட்த்து இன்னா பண்ணுவீங்கோ?"

"பத்திரமா வச்சிருப்போம். நாளைக்கு உங்க வூட்ல ஒருத்தருக்கு வேணும்னா ரத்தம் மேல வரும்."

அவர் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார். அவரைப் பார்த்து இருபது பேருக்குமேல் கொடுத்தார்கள். அவர் மனைவி பொன்னி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "நல்லா உறிஞ்சிக்கோங்கோ, அப்பவாச்சும் கோவம் கொறையிதா பாக்கலாம்" என்றார். கூட்டமே சிரித்தது. பாட்டில்கள் அன்று சாயந்தரமே கீழே வந்தன. ஒரு வாரத்துக்குள் டவுன் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கே தீர்ந்துபோயின. அதில் தப்பில்லை, ரத்தம் அதற்குத்தான்.

அடுத்த வருடம், மழை முடிந்த நேரம். ஒரு மத்தியானம் காளி எங்கள் ஜன்னல் முன்னால் வந்து நின்றார். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. வேட்டியெல்லாம் சேறு. துண்டில் சுற்றி வைத்திருந்த குழாயை இரண்டு கையாலும் நீட்டினார்.

பொன்னிக்கு வீட்டில் பிரசவம். குழந்தை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடி விழவில்லை. டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். டாக்டர் லில்லி நஞ்சுக்கொடியை எடுத்து, ரத்தப்போக்கை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். ஆனால் உடம்பில் ரத்தமே இல்லை. இந்த நிலையில் மலைப்பாதையில் கீழே கொண்டுவந்தால் வழியிலேயே போய்விடுவாள், ரத்தம்தான் மேலே வர வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தார். அந்த ஆஸ்பத்திரியில் வண்டி இல்லை. காளி பஸ் பிடித்து வந்திருந்தார்.

நான் குழாயை எடுத்தேன். கூட வேலை பார்த்தவர் சீட்டை எடுத்தார். சத்தமாகப் படித்தோம்.

"பொன்னி, கணவர் பெயர் காளி" என்றேன் நான்.

"பொன்னியம்மாள், கணவர் பெயர் காளியப்பன்" என்றார் அவர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஜன்னலுக்கு வெளியே காளிக்கும் கேட்டுவிட்டது.

"ரெண்டும் அவதாம்மா. வூட்ல பொன்னி. ரேஷன் கார்டுல பொன்னியம்மாள். நர்ஸம்மா கார்டப் பாத்து எழுதினாங்கோ. குழாய்ல எழுதினவரு என்னக் கேட்டாரு, நான் கூப்புடற பேர சொன்னேன். என் பேரும் அப்டித்தான்."

எனக்குப் புரிந்தது. யாருக்கும் புரியும். நான் இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டர் தணிகாசலத்தின் மேஜைக்குப் போனேன். அவர் பிளாஸ்திரியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். சீட்டைப் படித்தார். மறுபடி பிளாஸ்திரியைப் படித்தார்.

"வேற சாம்பிள்."

"சார், இவங்கள எனக்குத் தெரியும். முகாம்ல ரத்தம் குடுத்தவர். மலையிலேருந்து வந்திருக்கார்."

"அந்த ஆளைத் தெரியும் உனக்கு. இந்தக் குழாய்க்குள்ள இருக்கறது யாரோடதுன்னு தெரியுமா? அந்த வார்டுல இன்னொரு பொன்னி இல்லேன்னு தெரியுமா?"

"ஃபாரஸ்ட் ஆபீஸ் வயர்லெஸ்ல சொல்லி டாக்டர் லில்லியைக் கேக்கலாமா சார்?"

"வயர்லெஸ்ல சொன்னா அது லேபிளா?" கண்ணாடியைக் கழற்றினார். மெதுவாகத்தான் துடைத்தார். "வேற சாம்பிள், சரோஜா."

நான் திரும்பி வந்தேன். ஜன்னல் வழியாகக் குழாயைக் காட்டி, இது செல்லாது, புதிதாக எடுத்து, கார்டில் இருக்கிற பெயரையே இரண்டிலும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதியும் கொடுத்தேன். காளி என்னைத் திட்டவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாலு மணி பஸ்ஸுல போய்ட்டு காலைல மொத பஸ்ஸுல வர்றேம்மா. ரத்தத்த வச்சிருங்கோ, வேற யாருக்கும் குட்த்துடாதீங்கோ" என்றார்.

அவருக்குப் பின்னால், கொட்டகையில், ஜீப் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். மறுநாள் திட்டத்தைப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. நான் ஜீப்பைப் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போய் அடுத்த குழாயை எடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முன்பே காளி வந்துவிட்டார். குழாயில் பொன்னியம்மாள், சீட்டில் பொன்னியம்மாள். அச்சு அசலாக ஒரே எழுத்து. குரூப் பார்த்தேன், பி பாசிட்டிவ். பொருத்தம் பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் மணல்போலத் தனித்தனியாகக் கிடந்தது. எந்த அவசரமும் இல்லாமல், ஒரு படியும் தாண்டாமல் செய்தேன். இரண்டு மணிநேரம் காளி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தபோது ஜீப் இல்லை. பார்வையிட வந்தவர்களை அழைத்துவர ரயில்வே ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. காளி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

இரண்டு நாள் கழித்து பஸ் கண்டக்டர் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். உள்ளே டாக்டர் லில்லியின் கடிதம்.

"பெட்டியை அனுப்பியிருக்கிறேன். பாட்டில் பயன்படவில்லை, சூடேறிவிட்டதால் கொட்டிவிட்டேன். பொன்னி காலை ஒன்பது மணிக்குப் போய்விட்டாள். காளி அப்போது உங்கள் வாசலில் இருந்திருப்பார். குழந்தை நன்றாக இருக்கிறது. பெண். போன வருடம் என்னிடமிருந்து வாங்கிப்போன ஊசியும் பாட்டிலும் இருந்திருந்தால் நான் தப்பான காரியம் ஒன்றைச் செய்து அவளைக் காப்பாற்றியிருப்பேன்."

அந்தக் கடைசி வரியை இன்றைக்கும் என்னால் நிதானமாகப் படிக்க முடியவில்லை.

மாதக் கடைசியில் அறிக்கை தயாரானது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. மலை ஆஸ்பத்திரிக்கு நேரே, "வழங்கியது: ஒன்று." வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் மலைக்கும் சேவை எட்டியிருக்கிறது என்று பாராட்டி எழுதியிருந்தார்கள். நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டாக்டர் தணிகாசலத்தின் முன்னால் போய் நின்றேன்.

"இத அடிச்சிடுங்க சார்."

"எதை?"

"இந்த ஒண்ண."

"வழங்கினது உண்மைதானே."

"வழங்கினோம் சார். ஏத்தல. கொட்டினாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த ரெண்டு முனுசாமிய மறந்துட்டியா?"

"மறக்கல. பேர் ஒத்துப்போகாம குடுங்கன்னு நான் இன்னிக்கும் சொல்ல மாட்டேன்." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. லேபுக்குள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். "கீழ நம்ம வார்டுல லேபிள் தப்பா இருந்தா நர்ஸ் பத்து நிமிஷத்துல வேற குழாய் கொண்டு வர்றாங்க. மேல தப்பா இருந்தா ஒரு நாள் ஆகுது. ரெண்டுக்கும் ஒரே பதில்தான் வச்சிருக்கோம். அன்னிக்கு நான் குரூப்புக்கு ஒரு பாட்டிலையும், பீங்கான் ஓட்டையும், மருந்தையும் எடுத்துக்கிட்டு அந்த ஜீப்ல மேல போயிருக்கலாம். அந்தம்மா கையிலேருந்து நானே ரத்தம் எடுத்து, அந்தக் கட்டில் பக்கத்துலயே பொருத்தம் பாத்திருக்கலாம். உங்க ரூல்ல ஒரு எழுத்து உடைஞ்சிருக்காது. தப்பு எழுதினது ஆஸ்பத்திரி ஆளு. அதுக்கு நடந்தது காளி."

அவர் துடைப்பதை நிறுத்தினார். பிறகு கேட்டார்: "இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீங்க ஏன் சார் யோசிக்கல?"

அது அடக்கமான பதில் இல்லை. ஆனால் அவர் கேட்டதும் சரியான கேள்விதான். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை என்பது பொய். ஜீப்பைப் பார்த்தபோது தோன்றியது. பயந்தேன். அவர்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதியை நான் எனக்காக வைத்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

மறுநாள் என் மேஜையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று மேலதிகாரியிடம் மரியாதையின்றிப் பேசியதற்கு மெமோ. இன்னொன்று விதிப் புத்தகத்தில் சேர்க்க வேண்டிய ஒரு வரி: "மலை மருத்துவமனையிலிருந்து வரும் குழாயில் பிழை இருந்தால், டெக்னீஷியன் ரத்தத்துடன் நேரில் சென்று மாதிரி எடுத்துப் பொருத்தம் பார்க்க வேண்டும்." இரண்டும் ஒரே பச்சை மை. அறிக்கையில் இருந்த அந்த "ஒன்று" என்பதை அவர் கடைசிவரை அடிக்கவில்லை. தான் செய்தது தப்பு என்றும் ஓய்வுபெறும்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வரியை எழுதுவதற்கு ஒரு பெண் சாக வேண்டியிருந்தது என்று நான் அவரிடம் சொன்னதும் இல்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த முகாமுக்கு என்னைத்தான் போகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் கட்டில்களைப் போட்டுவிட்டுச் சாயந்தரம்வரை உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. கீழே வந்ததும், "மலை ஜனங்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை" என்று ஒரு குறிப்பு எழுதி என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடவில்லை. அதற்கும் ஒரு மெமோ.

அந்தப் பச்சை மை வரியின்படி நான் பல தடவை மேலே போனேன். ஜீப் பெரும்பாலும் வேறு யாரையாவது ஏற்றிக்கொண்டு எங்கோ இருக்கும், இல்லையென்றால் வரப்போகிற யாருக்காகவோ கொட்டகையில் நிற்கும். பஸ்ஸில்தான் போவேன், மடியில் ஐஸ் பெட்டி, காலடியில் பீங்கான் ஓடும் குரூப் பார்க்கிற மருந்தும் இருந்த பை. சில தடவை சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நாலைந்து வருடம் கழித்து அப்படி ஒரு நாள் போய்க்கொண்டிருந்தேன். மலைப்பாதையில் பாதி ஏறியதும் ஒரு நிறுத்தத்தில் காளி ஏறினார். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை. என் எதிர் சீட்டில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "யாருக்கும்மா?"

"ஒரு அம்மாவுக்குங்க. பிரசவம்."

"பேரு சரியா எழுதிக்கீறாங்களா?"

"இல்லிங்க. அதான் நானே வர்றேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குழந்தை என் பெட்டியின் மேல் இருந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தது. காளியின் ஊர், ஆஸ்பத்திரிக்கு இரண்டு மைல் முன்னால் வரும். ஊருக்கு முந்தின வளைவு திரும்பியதும் பஸ்ஸை நிறுத்தக் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். காளி எழுந்து கத்தினார்.

"இங்க நிக்காத! எங்கயும் நிக்காத! ஆஸ்பத்திரிக்கு ஓட்டு!"

பஸ் நிற்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் கை காட்டியவர்களையும் விட்டுவிட்டு ஓடியது. ஆஸ்பத்திரி வாசலில் நான் இறங்கி உள்ளே ஓடினேன். அந்த அம்மாவின் கையில் ரத்தம் எடுத்து, பொருத்தம் பார்த்து, பாட்டில் ஏறத் தொடங்கிய பிறகு வெளியே வந்து பார்த்தேன்.

காளி போய்விட்டிருந்தார். வெயிலில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த வழியே நடந்து போனதாக வாட்ச்மேன் சொன்னார். அந்த இரண்டு மைலையும் அவர்தான் நடந்தார். அன்றைக்கும் எங்கள் ஜீப் கொட்டகையில்தான் நின்றுகொண்டிருந்தது.